முன்வைத்த கால்

சின்னவள் சதுரங்கத்தில் தோற்பது புதிதல்ல. தோற்றபின் போனை முறைப்பதும் புதிதல்ல. குடோனில் மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் தன் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இருக்கையை விட்டு இறங்காமல், முகம் தெரியாத யாரோ ஒரு ஆளிடம் ராணியைப் பறிகொடுத்துவிட்டு, வீடு புகுந்து திருடியவனைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செயலியில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. இதுவரை ஆடிய ஆட்டங்களைக் கொடுத்தால், திரும்பத் திரும்ப எங்கே சறுக்குகிறோம் என்று அலசிச் சொல்லுமாம். சதுரங்கச் சங்கத்துக்காக ஆடியது, போட்டிகளில் ஆடியது, போனில் ஆடியது என்று எல்லாவற்றையும் அவள் அதில் ஏற்றிவைத்திருந்தாள். போகிற போக்கில் பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அது சொன்னது: ‘எதிராளியின் காய் பின்னோக்கி நகர்வதை நீங்கள் பார்ப்பதில்லை. தோற்ற ஆட்டங்களில் பாதிக்கு மேல் இதனால்தான்.’

மெஷினுக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கை சும்மா இருக்குமா? பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றில், எதிராளியின் மந்திரி பயந்துபோய் மூலைக்கு ஓடுகிறது என்று அலட்சியமாக விட்டிருந்தாள். அது ஓடவில்லை, மூலையில் உட்கார்ந்து பலகை முழுக்கக் குறுக்கே குறிபார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு குதிரை ஒரு தாவு பின்வாங்கி, அங்கிருந்து அவளுடைய ராஜாவையும் யானையையும் சேர்த்து மிரட்டியது. இன்னொன்றில் ராணி. ஆள் வேறு, ஆட்டம் வேறு, ஆரம்பம் வேறு; விழுந்த குழி மட்டும் ஒன்றே. முன்னால் வருகிற காயைக் கண்டால் அவள் சிலிர்த்துக்கொள்வாள். பின்னால் போகிற காயை ‘போகட்டும் கழுதை’ என்று மறந்துவிடுவாள். இத்தனை வருஷமாகத் தன்னை ஏமாற்றியது எதிராளிகள் அல்ல, தன் கண்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த வரிசையில் ஓர் ஆட்டத்தை மட்டும் அவள் திறக்காமல் தாண்டிப் போனாள். அதைத் திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அது அக்காவோடு சண்டை வந்த நாளில் ஆடியது. அக்கா பல் டாக்டர். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கவைப்பவள், தான் மட்டும் லேசில் திறக்கமாட்டாள். நாலு பேர் அணியைக் கட்டி, சங்கப் போட்டிகளில் கடைசிப் பிரிவிலிருந்து முதல் பிரிவு வரை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். திறமை வரிசையில் முதல் போர்டில் அக்கா, இரண்டாவதில் தங்கை என்றே வெகுகாலம் நடந்தது. இந்தப் பருவம் தொடங்கும்போது தங்கை தொடர்ந்து கோட்டைவிட, இன்னொரு தோல்வி முடிந்த கையோடு, காய்களை எடுத்து வைப்பதற்குள், அத்தனை பேர் முன்னாலும் அக்கா சொல்லிவிட்டாள், இனி நீ நாலாவது போர்டு என்று. சின்னவளுக்கு முகம் செத்துப்போனது. இனி உன் டீமுக்காகக் காயைத் தொட்டால் என் பேரை மாற்றிக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருத்தி படம் போட்டால் மற்றவள் கட்டைவிரல்கூடக் காட்டவில்லை. எங்க வீட்டுல முன்ன வச்ச காலைப் பின்ன வைக்கமாட்டோம் என்று அவர்களுடைய அப்பா பீற்றிக்கொள்வார். இரண்டு மகள்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் வினை. சின்னவளுக்கு அக்காவைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. அதை வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை என்பதும் உண்மை.

சாயங்காலம், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் அவள் கணவன் கையில் ஒரு ரப்பர் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தபோது, செயலி சொன்னதை அவனிடம் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

“இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? என்னைக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பேனே” என்றான். “கடையைத் தாண்டிப் போயிட்டா நீ என்னைக்காவது திரும்பி நடந்திருக்கியா? தெருவையே சுத்தி மறுபடி அந்தக் கடைக்கு வருவே. நானும் பையைத் தூக்கிக்கிட்டு உன் பின்னாடியே வருவேன்.”

அவள் அவனை முறைத்தாள்.

“அந்தப் பலகையில பின்னால போக முடியாதது சிப்பாய் மட்டும்தான்னு நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்தே? ராஜாவே பின்னால போறாரு” என்று சொல்லிவிட்டு அவன் பெல்ட்டை மாட்டப் போய்விட்டான்.

மறுநாள் குடோனில் உயரமான அட்டைப்பெட்டி அடுக்கு ஒன்று வந்தது. சுமை கண்ணை மறைத்தால் ஃபோர்க்லிஃப்டை முன்னால் ஓட்டக்கூடாது; ரிவர்ஸில்தான் போகவேண்டும். வலது தோளுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் பார்த்தபடி, பீப் பீப் என்று ஓசையிட்டுக்கொண்டு அவள் அந்த நீளமான பாதையில் போனாள். பாதி தூரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி நாள் பின்னாலேயே போய்த்தான் சம்பளம் வாங்குகிறாள். அதை ஒருநாளும் அவமானமாக நினைத்ததில்லை. பலகையில் மட்டும் என்ன வந்தது?

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். காயை நகர்த்துவதற்கு முன்னால், வண்டியில் செய்வதுபோலவே, நிஜமாகவே கழுத்தைத் திருப்பி வலது தோளுக்கு மேலாக ஒரு பார்வை. அப்புறம் பலகையைப் பார்த்து, யார் பின்னால் போகலாம் என்று ஒரு கேள்வி. சமையலறையில் போனை வைத்துக்கொண்டு அவள் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கணவன் இரண்டு தடவை வாசலுக்குப் போய் யார் என்று பார்த்துவிட்டு வந்தான். ஆனால் ஆட்டம் மாறியது. குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கால் தானாக நின்றது.

அப்படி ஒரு வாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் வந்தார். குடோனுக்குத் தபால் கொண்டுவருபவரும் அவரே, அக்காவின் அணியில் மூன்றாவது போர்டும் அவரே. சண்டைக்குப் பிறகு, வந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு நின்றார். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், தோற்றால் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கவேண்டியதுதான் என்றார். சரி, அதற்கு நான் என்ன செய்ய என்று இவள் கேட்டாள்.

“நாலாவது போர்டு இன்னும் காலியாத்தாம்மா இருக்கு” என்றார் அவர். “நம்ம ரெண்டாவது போர்டு கணக்கு வாத்தியாரோட சம்சாரம் ஆடுறேன்னாங்க. உங்க அக்கா ஒத்துக்கலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன் பேரைத்தான் குடுக்குறாங்க. நீ வராம உன் கடிகாரம் ஓடி ஓடி, நேரம் தீர்ந்து அந்தப் பாயிண்ட் போகும். ஏம்மா இப்படின்னு கேட்டா, ‘வருவா’ன்னு ஒரே வார்த்தை.”

சின்னவளுக்கு முதலில் பொங்கிக்கொண்டு வந்தது கோபம். யார் கேட்டார்கள் இவளை? காலி நாற்காலியைக் காட்டி என் மானத்தை வாங்குகிறாளா? தபால்காரர் போய் வெகுநேரம் கழித்துத்தான் கோபத்துக்கு அடியில் இருந்தது மேலே வந்தது. அக்கா கட்டிய அணி அவள் கண்முன்னாலேயே சரிந்துகொண்டிருக்கிறது, தங்கை உட்காரவேண்டிய இடத்தில் வேறு ஒருவரை உட்காரவைக்க மனம் வராமல். அன்று வீட்டுக்குப் போனதும் திறக்காமல் விட்ட அந்த ஆட்டத்தைத் திறந்தாள். அதே குழி. ஓர் எட்டு பின்னால் போன யானை, அதை அவள் பார்க்கவே இல்லை. அக்கா சொன்ன இடம் தப்பு, சொன்னது தப்பில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போவதா வேண்டாமா என்று மனசு ஊசலாடியதில் தாமதமாகத்தான் கிளம்பினாள். நூலகத்து மாடியில்தான் போட்டி. வாசலுக்கு வந்தாள். உள்ளே போகக் கால் வரவில்லை. ஏதோ வேறு வேலையாகப் போகிறவள்போல வாசலைத் தாண்டி நடந்தாள். தெருமுனை வரை போய்விட்டாள். பழக்கப்படி இனி வளைந்து, அடுத்த தெருவில் நடந்து, முழு வட்டம் அடித்து வரவேண்டும். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வட்டம் அடித்து வருவதற்குள் ஆட்டமே கையைவிட்டுப் போய்விடும்.

அவள் நின்றாள். நின்ற இடத்திலேயே திரும்பினாள். எதிரே வந்த ஒருவர் இவள்மேல் மோதப் பார்த்து விலகிப் போனார். வந்த வழியே நடந்து, படியேறி, கதவைத் திறந்தாள்.

ஆட்டம் நடக்கிற அறையில் பேசக்கூடாது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலாவது போர்டில் எதிராளியாக ஒரு மருந்துக்கடைக்காரர், காலி நாற்காலியைப் பார்த்து அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பாயிண்ட் சும்மா கிடைக்கும் என்று நினைத்திருப்பார், பாவம். சின்னவள் உட்கார்ந்து, கைகொடுத்து, முதல் காயை நகர்த்தினாள்.

அப்புறம் தோளுக்கு மேலாகத் திரும்பினாள். வண்டியில் அந்தப் பக்கம் பார்த்தால் அட்டைப்பெட்டிகள் தெரியும், வீட்டில் வாசல் தெரியும். இங்கே தெரிந்தது முதல் போர்டும் அதில் குனிந்திருந்த அக்காவின் தலையும். உச்சியில் நரை கூடியிருந்தது. இத்தனை மாதத்தில் இவ்வளவா? ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னாலும் அவள் திரும்பினாள், ஒவ்வொரு தடவையும் அக்கா தெரிந்தாள். மருந்துக்கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானும் ஒருமுறை தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மற்ற ஆட்டங்கள் முடிந்தன. கணக்கு வாத்தியார் தோற்றார். தபால்காரர் சமன் செய்தார், அக்காவும் சமன். சின்னவள் ஜெயித்தால் மொத்தத்தில் இரண்டுக்கு இரண்டு, அணி முதல் பிரிவில் தங்கும். வேறு எது நடந்தாலும் கீழே இறங்கவேண்டியதுதான்.

அவளுடைய ராணி எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில், நெருப்பு மூட்டக் காத்திருப்பதுபோல நின்றிருந்தது. இன்னொரு சிப்பாயையும் தள்ளிக்கொண்டு மோதலாம். பழைய சின்னவள் மோதியிருப்பாள், மோதி மண்ணைக் கவ்வியிருப்பாள். கை சிப்பாய்ப் பக்கம் போகவும் செய்தது. நிறுத்தினாள். தோளுக்கு மேலாகத் திரும்பினாள்.

முதல் போர்டின் நாற்காலி காலியாக இருந்தது. போய்விட்டாளோ? அக்கா எழுந்துவந்து, அவளுக்குப் பின்னாலேயே கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கைகள் இரண்டும், அவள் சின்ன வயதிலிருந்து பதற்றத்தில் செய்வதுபோல, ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

சின்னவள் பலகைக்குத் திரும்பினாள். யார் பின்னால் போகலாம்? எதிராளியின் பக்கம் யாருமில்லை. அப்படியானால் தன் பக்கத்தில்? அப்போதுதான் தெரிந்தது. குறுக்குக்கோட்டில் வழி நெடுகத் திறந்து கிடந்தது. அவள் ராணியை எடுத்தாள். அவ்வளவு பாடுபட்டு முன்னேறிய ராணியைத் தன் வீட்டு வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்து வைத்தாள்.

மருந்துக்கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். ராணி நின்ற இடத்திலிருந்து அவருடைய இரண்டு குதிரைகளும் ஒரே சமயத்தில் மாட்டியிருந்தன. இரண்டுக்கும் காவலில்லை. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும். அதற்கப்புறம் அவர் எவ்வளவோ தண்ணி காட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

“நல்லா ஆடுனீங்க” என்றார். “ஒண்ணு கேக்கணும். ஆட்டம் முழுக்கப் பின்னாடி யாரைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க?”

“எங்க அக்காவை” என்றாள் சின்னவள்.

அவர் எழுந்து போனபிறகும் அக்கா நகரவில்லை. பிறகு வந்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கலைந்துகிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ராணி திரும்பி வந்ததற்கு முந்தைய நிலைக்கு வைக்கத் தொடங்கினாள். எல்லாவற்றையும் வைத்துமுடித்தாள், ராணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

“உன்னை நாலாவதுல போட்டது சரிதான்” என்றாள். “அத்தனை பேர் முன்னாடி சொன்னது தப்புடி. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை.”

அவர்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சை யாரும் பேசி யாரும் கேட்டதில்லை. சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது; துடைத்துக்கொள்ளாமலே சிரித்தாள்.

“நாலாவதே இருக்கட்டும்க்கா. அங்க உக்காந்து திரும்பினாத்தான் நீ தெரியுறே.”

இருவரும் இறங்கி வந்தார்கள். தேநீர் குடிக்கலாம் என்று கிளம்பியவர்கள், அந்த ராணியைப் பற்றி ஆரம்பித்த பேச்சு மாதக்கணக்கில் அடக்கிவைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு வர, பேச்சு மும்முரத்தில் தேநீர்க்கடையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார்கள். அக்காதான் முதலில் கவனித்தாள். நின்று, முன்னால் கிடந்த நீளத் தெருவைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போகவேண்டுமானால் அதுதான் வழி. தங்கையைப் பார்த்தாள்.

“திரும்பிடலாம்க்கா” என்றாள் சின்னவள்.

திரும்பினார்கள்.