பள்ளிக்கூடத்தைத் திருப்பிய சனிக்கிழமை

கதவுக்குக் கடைசிக் கீலை அடித்துவிட்டு அலான்சோ டிஸ்டேல் நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். அவர் கையால் எழும்பிய ஐந்தாவது கட்டடம் இது. முதல் நான்கும் தேவாலயங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டாலிவர் மாவட்டத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் 1925 வரை இருந்ததில்லை. சர்ச் பெஞ்சில் முழங்கால்மேல் சிலேட்டை வைத்துத்தான் படித்தார்கள். இப்போது வாசல் கிழக்கே, சாலையைப் பார்த்து நின்றது. பருத்தி வண்டியில் போகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரும் அந்த வாசலைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். தேவாலயங்களுக்கு வைத்ததுபோலவே இதற்கும் வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம், புதிதாக வந்திருந்த ஆசிரியை ஐடெல்லா குரூம், மாநில அலுவலகம் அனுப்பிய கட்டட வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி கட்டடத்தை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

“பிரதர் டிஸ்டேல், இந்த மூலையில ஒரு அம்பு இருக்கே, பாத்தீங்களா?”

“பாத்தேன். வரைஞ்சவரு அழகுக்குப் போட்டிருக்காருன்னு விட்டுட்டேன்.”

“அது வடக்கைக் காட்டுது. கீழ எழுதியும் இருக்கு. ஜன்னல் எல்லாம் கிழக்குலயும் மேற்குலயும்தான் இருக்கணுமாம். அப்பத்தான் பிள்ளைங்க புஸ்தகத்து மேல பக்கவாட்டுலேர்ந்து வெளிச்சம் விழும். நாம வடக்குலயும் தெற்குலயும் வச்சிட்டோம்.”

அவர் ‘நீங்க’ என்று சொல்லவில்லை, ‘நாம’ என்றார். அது அலான்சோவின் காதில் தங்கியது. படத்திலுள்ள கோடுகளையும் அளவுகளையும் அவர் யாரைவிடவும் வேகமாகப் படிப்பார். எழுத்து மட்டும் வராது. இருபது வருஷமாக அதை வெளியே தெரியாமல் காப்பாற்றி வந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை மாநில மேற்பார்வையாளர் வருகிறார். படத்தில் உள்ளபடி இல்லையென்றால் கட்டடத்தை ஏற்க மாட்டார். ஏற்காவிட்டால் ஆசிரியை கிடையாது. பிள்ளைகள் மறுபடி சர்ச் பெஞ்சுக்கு.

அன்று சாயங்காலம் ஜெபக் கூட்டத்தில் அலான்சோ எழுந்து நின்றார்.

“தப்பு என்னோடது. எழுதியிருந்ததை நான் படிக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது.”

பெண்கள் கையிலிருந்த அட்டை விசிறிகள் அப்படியே நின்றன. கோவேறு கழுதைகள் வைத்திருந்த செஃபஸ் ரட்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இதைச் சொல்லத்தான் எந்திரிச்சியா? நீ பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறதை நான் பத்து வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன்!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. அலான்சோவும் சிரித்துவிட்டார்.

“சரி, இப்ப என்ன செய்றது? பிரிச்சுக் கட்டணுமா?”

“பிரிக்க நாள் இல்ல செஃபஸ். அப்படியே திருப்பணும். கால் வட்டம். கிழக்க இருக்கிற கதவு தெற்க போயிட்டாப் போதும். நல்லவேளை, செங்கல் புகைபோக்கி இன்னும் எழுப்பல.”

“என் கழுதைங்க பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லையேப்பா.”

“நாளைக்குப் போகும். ஏழு மணிக்கு வருகை எடுப்பேன்” என்றார் ஐடெல்லா.

சனிக்கிழமை விடியும்போதே மரவாடியிலிருந்து இரவல் வாங்கிய ஜாக்கிகள் கட்டடத்தைத் தூக்க ஆரம்பித்தன. அடியில் பைன் மரத் தடிகளைச் செருகி, அவற்றின்மேல் பன்றிக் கொழுப்பைத் தடவினார்கள். ஆறு கழுதைகள், கயிற்றைப் பிடிக்க ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர். அலான்சோ மட்டும் உள்ளே நின்றார். கூரை உத்தரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு ஒரு விரற்கடை விலகினால் “நிறுத்து!” என்பார். நேரானதும் “இழு!” என்பார். சுவர்கள் முனகின. எங்கோ ஒரு ஜன்னல் கண்ணாடி படக்கென்று விரிசல் விட்டது.

சாலையில் ஒரு கார் நின்றது. ஆற்றங்கரைப் பருத்திக் காடெல்லாம் வைத்திருக்கும் வெள்ளைக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“என்ன அலான்சோ, உங்க பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியலையா?”

அலான்சோ வாசற்படிக்கு வந்து தொப்பியைத் தொட்டார். “இப்பத்தாங்க ஐயா கண்டுபிடிச்சிது.”

கயிறு பிடித்தவர்கள் சிரிப்பை அடக்கியதில் கட்டடம் ஒரு சாண் பின்வாங்கியது.

பொழுது சாய்வதற்குள் கதவு தெற்கே வந்து நின்றது.

திங்களன்று வந்த மேற்பார்வையாளர் பர்விஸ் கான்ட்டும் கறுப்பர்தான். ஆனால் சலுகை காட்டுகிறவர் அல்ல. திசைகாட்டியைத் தரையில் வைத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வெளியே புல்லில் கிடந்த தடிகளின் தடத்தையும் பார்த்தார்.

“இம்மிகூடப் பிசகல. படத்தைப் படிச்சது யாரு?”

“எழுத்தை டீச்சர் படிச்சாங்க” என்றார் அலான்சோ. “மிச்சத்தை நாங்க படிச்சோம்.”

கான்ட் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பருத்தி எடுப்பு முடிந்து நவம்பரில் வகுப்பு தொடங்கியது. விரிசல் விட்ட அந்த ஒரு கண்ணாடியை மாற்ற அலான்சோ ஒரு காலையில் சாலைப் பக்கமாக ஏணியைச் சாய்த்தார். ஏறுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆளுயர ஜன்னல்கள் வரிசையாகச் சாலையைப் பார்த்திருந்தன. வெயில் நேராக உள்ளே விழுந்தது. முப்பத்தெட்டுத் தலைகள் புத்தகத்தின்மேல் கவிந்திருந்தன. சாலையில் போன பருத்தி வண்டி ஒன்று மெதுவானது; ஓட்டியவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஏணியைப் பிடித்திருந்த செஃபஸ் கேட்டார். “வாசல் ரோட்டைப் பாக்காமப் போச்சேன்னு வருத்தமா?”

“வாசல்ல என்னப்பா இருக்கு, வெறும் கதவு.” அலான்சோ ஏணியில் கால் வைத்தார். “இப்பப் பாரு, உள்ள நடக்கிறதே தெரியுது.”