நிக்கோலா நாளில் திறக்காத கதவு

1

இந்தக் கதைக்கு நான்தான் காரணம். மூன்றாம் மாடி வெலிபோர், மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு பதினோரு மாத வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்து இறங்கியதும், ஊரின் மறுகோடியில் இருக்கும் அவன் அப்பா ராதிசாவுக்குப் போன் போட்டவன் நான். (கீழ் வீட்டுக்காரனுக்கு வேறென்ன வேலை?)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நிஷ் நகரத்தில் அன்று பனி..."

வேண்டாம். பனி எல்லாக் கதையிலும் பெய்கிறது.

படியேறும்போது வெலிபோரின் மனைவி மிர்யானா என்னிடம் கேட்டாள்: "என்னண்ணே, ரொட்டிக் கடையில இவ்வளவு கூட்டம்?"

"இன்னிக்கு நிக்கோலா நாளாச்சேம்மா. உங்க வீட்டுப் புனிதர்!"

அவள் கையிலிருந்த பெட்டி நான்கு படி உருண்டது.

(உருளவில்லை. கீழே வைத்தாள், அவ்வளவுதான். பத்திரிகைக்கு வாராவாரம் கதை எழுதிப் பழகிய கை.)

2

அவளைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் இருந்துவிட்டு வந்த உருகுவேயில் டிசம்பர் என்றால் கோடை. நீச்சலுடையில் நிற்பவளுக்கு நிக்கோலா ஞாபகத்துக்கு வருவாரா? ஆனால் இங்கே குடும்பத்துக்கு ஒரு புனிதர்; அவர் நாளில் வீட்டில் நடக்கும் விருந்துக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. போன வருஷம் சாப்பிட்டவன் இந்த வருஷமும் வந்து நிற்பான்.

மதியம் ராதிசாவ் வறுத்த மீனோடு வந்தார். நான் ஒயினோடு சேர்ந்துகொண்டேன். மணி அடித்தோம். உள்ளே காலடிகள் கதவருகே வந்து நின்றன. பிறகு ஐந்து வயது லென்காவின் குரல்:

"அம்மா, தாத்தாகிட்ட எதைச் சொல்லக் கூடாது? நாம உருகுவேக்கே குடிபோறதையா?"

"கத்திச் சொல்லிட்டியே, லூசு!" இது அவள் அக்கா.

"உஷ்! ரெண்டு பேரும் வாயை மூடுங்கடி!"

ராதிசாவுக்கு ஒரு காது கேட்காது. கதவுப் பக்கம் இருந்தது எந்தக் காது? இந்த இடத்தை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். [அவர் கண்கள் மெல்ல...] இல்லை. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தூங்குறாங்கப்பா," என்றார், கொஞ்சம் சத்தமாகவே. "தூரத்துலேருந்து வந்தவங்க. மீன் ஆறினா ஆறட்டும்." படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறமா வரலாமே, பெரியவரே?"

"நீ போய்யா. ஊருக்கெல்லாம் போன் போடுற ஆளு, உனக்கு ஆயிரம் வேலை. எனக்கு இருக்கிறது ஒரே மகன்."

3

முடிவுக்கு மூன்று யோசனைகள். வெலிபோர் திறந்து உண்மையைச் சொல்கிறான். அல்லது, லென்கா முந்திக்கொள்கிறாள். அல்லது கிழவரே, "என்னையும் கூட்டிட்டுப் போங்கடா" என்கிறார். இந்தக் கடைசி முடிவுக்குக் கடிதங்கள் குவியும். அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பூட்டைத் திறக்க இரண்டு சுற்று வேண்டும். உள்ளிருந்து சாவி ஒரு சுற்று சுற்றி நின்றது. ராதிசாவ் எழுந்து தொப்பியைக் கழற்றினார். நான் கீழே இறங்கிவிட்டேன். புனிதர் நாள் வீட்டில் சாப்பிடாமல் நான் திரும்பியது அதுதான் முதல் தடவை.

இனி நீங்கள்தான் வெலிபோர். வெளியே அப்பா நிற்கிறார். அவருக்குக் கேட்டதா என்று உங்களுக்கும் தெரியாது. கதவைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால்...

சீக்கிரம். அவர் நின்றுகொண்டே இருக்கிறார்.