எழுபதும் அறுபத்தொன்பதும்

என் கணவரும் என் அண்ணனும் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு வெள்ளி நாணயம். அதில் என் கைவரிசையும் இருந்தது என்பது அந்த நான்கு வருடமும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முன்னால் அவர்களைப் போல ஒட்டிக்கொண்டு திரிந்த மச்சான்-மாப்பிள்ளையை நான் கண்டதில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். ஒருவர் நாளெல்லாம் ஏறி இறங்குவார், மற்றவர் நாளெல்லாம் குனிந்தே இருப்பார். நாணயப் பைத்தியம் மட்டும் இருவருக்கும் பொது.

அரசு காசு அடிக்கும் நாணயச் சாலையில் வருடத்துக்கு ஒரு முறை புதிதாக ஒரு வெள்ளி நாணயம் வெளியிடுவார்கள். அன்று காலை எட்டு மணிக்கே இருவரும் ஃப்ளாஸ்க்கில் டீயோடு வரிசையில் நிற்பார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி தட்டை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் சார், சீக்கிரம் எடுங்க" என்பார். எல்லாம் ஒன்றில்லை என்பது அண்ணனின் கட்சி. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் எடுப்பார், என் கணவருக்கும் சேர்த்து.

சனிக்கிழமைதோறும் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவார். மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, சேர்த்தவற்றையெல்லாம் பரப்புவார்கள். விளிம்பைப் பிடித்து நாணயத்தைச் சாய்த்தால் வெளிச்சம் அதன்மேல் சக்கரம் போலச் சுற்றி வரும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டிவிடுவார்கள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். கீறல் பார்ப்பதே பிழைப்பு. அதனால் சண்டை வந்தால் வழக்கு என்னிடம் வரும்.

"பாப்பா, நீ சொல்லு. இதுல கோடு இருக்கா இல்லையா?"

"தேடித்தான் பாக்கணும்னா அது கோடே இல்லண்ணா."

இருவரும் என்னை முறைப்பார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பை நினைத்தால் இன்றும் மனசு கனிந்துபோகிறது.

அப்போதுதான் தரச்சான்று வந்தது. வெளியூரில் ஒரு நிறுவனம். நாணயத்தை அனுப்பினால் பூதக்கண்ணாடியில் பார்த்து, எண் போட்டு, திறக்க முடியாத கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்துத் தருவார்கள். ஒரு குறையும் இல்லாவிட்டால் எழுபது. ஏன் நூறு இல்லை என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார் கணவர். பெரிய மர்மம் போல.

அந்த வருட நாணயத்தில் ஆளுக்கொன்று அனுப்புவது என்று முடிவானது. அண்ணன் ஒன்றும் கணவர் ஒன்றும் தேர்ந்தெடுத்தார்கள். தபால் உறை வாங்க இருவரும் கடைக்குப் போனார்கள். கை நடுங்காதவள் என்று, மெல்லிய உறையில் போட்டுப் பெயர் எழுதும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். லென்ஸ் துடைக்கும் துணியில் இடப்பக்கம் அண்ணனுடையது, வலப்பக்கம் கணவருடையது. வெளிச்சத்துக்காகத் துணியைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து ஃபோன். ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடி பற்றி ஏதோ சந்தேகம். பேசிவிட்டு வந்து உட்கார்ந்தபோது துணி திருப்பியபடியே கிடந்ததா, பழையபடி திருப்பி வைத்துவிட்டேனா என்று எனக்கே நினைவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கே தெரியாதது வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று உறையில் போட்டுப் பெயரை எழுதிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் பெட்டிகள் வந்தன. கணவருடையது எழுபது. அண்ணனுடையது அறுபத்தொன்பது.

முதல் நாள் அண்ணன் சிரித்தார். "மாப்ள ராசிக்காரர்" என்று தோளில் தட்டினார். அந்த வருடத்து நாணயத்தில் எழுபது வாங்கியவை அப்போது சில டஜன்தான். விலைப்பட்டியலில் அறுபத்தொன்பதைப் போல எட்டு மடங்கு போட்டிருந்தார்கள். ஒரே தட்டு, ஒரே காலை, ஒரே இயந்திரம். அண்ணனின் சிரிப்பு வாரத்துக்கு வாரம் குறைந்தது.

"மாப்ள, அன்னைக்கு தட்டுல இருந்து உங்களுக்கும் சேத்து எடுத்தது நான்தானே?"

"ஆமா மச்சான். அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. சொன்னேன்."

அடுத்த வாரம் அது வளர்ந்திருந்தது. "எனக்குன்னு பாத்து வெச்சதைத்தான் உங்க கையில குடுத்துட்டேன்னு நினைக்கிறேன்."

"எனக்கு அறுபத்தொம்போது வந்திருந்தா இப்படி நினைச்சிருப்பீங்களா?"

அண்ணன் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் இருவருக்கும் நான் ஆகாதவள் ஆகிவிடுவேனோ என்று பயந்தேன். ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அது வாரமாகி, வருடமானது. அண்ணன் என்னைப் பார்க்க வந்தால் வாசல் கேட்டோடு நின்று பேசிவிட்டுப் போவார். "மாப்ள நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்பார், உள்ளே எட்டிப் பார்க்காமல்.

கணவரோ எழுபது வாங்கிய பெட்டிகளாகவே வாங்க ஆரம்பித்தார். சாதாரண நாணயத்தைப் போல ஐந்து மடங்கு, ஆறு மடங்கு விலை. மொத்தம் இருபத்திரண்டு சேர்ந்தன. ஆனால் ஜன்னலோரம் மேசை போடவே இல்லை. பெட்டியை எடுப்பார், எண்ணைப் பார்ப்பார், வைத்துவிடுவார்.

"தூக்கிப் பாக்க வேண்டாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்கு? அவங்கதான் பாத்துட்டாங்களே" என்றார்.

அவர் ஓய்வு பெற்றதும் சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்தது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு நாணயக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமானவர், ஒளித்துப் பேசத் தெரியாதவர். அந்த எழுபதைப் பார்த்துவிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"நீங்க அனுப்பினப்போ சில டஜன். இப்ப இதே வருஷத்துக் காசுல எழுபது வாங்கினது மட்டும் ஒம்பதாயிரம் இருக்கு. எல்லாரும் அனுப்பிட்டாங்க சார். நல்ல மெஷின்ல அடிக்கிற காசு, எழுபது வராம என்ன பண்ணும்?"

"அப்ப அறுபத்தொம்போதுக்கும் இதுக்கும்?"

"ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு வித்தியாசம் இருக்கும்."

"அப்ப நான் குடுத்த விலையெல்லாம்?"

"பழைய காசு, நாலுதான் மிஞ்சியிருக்குன்னா சான்றுக்கு அர்த்தம் உண்டு. கள்ளக் காசு இல்லன்னு தெரியும். இது நேத்து அடிச்சது. நீங்க எண்ணுக்கு விலை குடுத்திருக்கீங்க. நானும் வித்திருக்கேன், இல்லேங்கல."

திரும்பும்போது பேருந்தில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். "உங்கண்ணன் கேட்டா சந்தோஷப்படுவார்" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. எதையோ தொலைத்தவர் குரல் போல இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. துணி, ஃபோன், உறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து மணியை அழுத்தினார். எங்கள் நிறுத்தம் இன்னும் வரவில்லை. அது அண்ணன் வீட்டு நிறுத்தம்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். அண்ணன் உள்ளிருந்து வந்தார். கணவரைக் கண்டதும் அவர் கை துண்டைத் தேடியது, தோளில் போட்டிருப்பது தெரியாமல்.

"மச்சான், உங்க தங்கச்சி என்ன பண்ணியிருக்கான்னு கேளுங்க."

கேட்டார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் அண்ணன். "அதானே, மச்சான் கேக்கறது நியாயம்தானே?" என்றார் கணவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த இரண்டு குரலும் ஒரே அறையில் கேட்டன. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றே இருந்தது.

இரண்டு பெட்டிகளையும் உடைத்து, நாணயங்களை மறுபடி அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் யோசனை. கணவர் பெட்டியை இடுக்கியில் பிடிக்க, அண்ணன் சின்ன ரம்பத்தால் அறுத்தார். இந்த முறை உறையில் பெயர் எழுதும் வேலையை அண்ணியிடம் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நிற்கக்கூட அனுமதி இல்லை.

இரண்டும் திரும்பி வந்தன. அறுபத்தொன்பது. அறுபத்தொன்பது.

"நீங்க அறுத்தப்ப பட்டிருக்கும் மச்சான்" என்றார் கணவர்.

"விடமாட்டீங்களே மாப்ள" என்றார் அண்ணன்.

மற்ற பெட்டிகளைக் கடைக்காரர் சொன்ன விலைக்கே விற்றோம். கொடுத்ததில் கால்வாசி வந்திருந்தால் அதிகம். அந்தப் பணத்தில் கணவர் புது வீட்டுக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கினார், தனக்கென்று. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. அண்ணன் வந்ததும் நேராகப் போய் அதில் சாய்ந்துகொள்வார், இவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அண்ணன் இருந்த வரை, ஒன்பது வருடம், அப்படியே நடந்தது.