மிச்சம் விழும் இடம்

மேலிருந்து பொத்தான் போட்டுக்கொண்டே வந்த தையல்காரர் கடைசியில் முழித்தார். பொத்தான் ஒன்று மிச்சம் இருந்தது, அதை நுழைக்கக் காஜா இல்லை. மனைவிக்குக் கையைத் தூக்க முடியாமல் போனதிலிருந்து, முன்பக்கம் திறக்கிற சட்டைகளை அவரே தைத்து அவளுக்குப் போட்டுவிடுவார். காஜா வெட்டும்போது மனசு எங்கேயோ இருந்திருக்கிறது.

"என்ன மாஸ்டர், இடிக்குதா?"

கல்லூரியில் கணிதம் நடத்தியவள். கல்யாணமான நாளிலிருந்து அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அவரும் விடாமல் டீச்சர் என்பார்.

"ஒரு காஜா குறையுது டீச்சர்."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு எண்ணணும்? போட்டுட்டே வந்தா தானா தெரியுது."

படுக்கையில் கிடந்தவளின் முகம் மலர்ந்துவிட்டது. "எண்ண வேண்டாம், ஜோடி சேர்த்தாலே போதும்னு இருபத்தாறு வருஷமா இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்!"

முடிவிலிதான் அவளுடைய பைத்தியம். அவர் தைக்கும்போது வெட்டுமேஜை ஓரத்தில் ஏறி உட்கார்ந்து அதைப் பற்றியே பேசுவாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் 'உம்' கொட்டுவார்.

இன்று உண்மையைச் சொல்லிவிட்டார். "எனக்கு ஒண்ணும் புரிஞ்சதில்ல டீச்சர். நீ பேசினா கேட்டுட்டே இருக்கலாம்னு தலையாட்டினேன்."

"தெரியும். தப்பான இடத்துலயும் ஆட்டுவீங்க."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்கு இருமல் வந்தது. அடங்கியதும் விட்ட இடத்தில் தொடர்ந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எல்லா எண்ணும் பட்டன். ரெண்டு, நாலு, ஆறுன்னு இரட்டை எண்ணெல்லாம் காஜா. ஒண்ணை ரெண்டுல போடுங்க. ரெண்டை நாலுல, மூணை ஆறுல."

"பாதி பட்டன் தொங்குமே?"

"எந்தப் பட்டன் தொங்கும், சொல்லுங்க பார்ப்போம்."

யோசித்தார். ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் இரட்டிப்பு அங்கே காத்துக்கொண்டிருந்தது. "அடேயப்பா!" என்றார், முதல்முறையாக நிஜமாகவே புரிந்து.

"ஆனா ஒரு கோட்டுல இருக்கிற புள்ளியெல்லாம் பட்டன்னு வைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுங்கிற எண்கள்தான் காஜா. எப்படிப் போட்டாலும் மிச்சம் விழும். அந்த முடிவிலி இதைவிடப் பெரிசு."

"அது எப்படி?"

"நாளைக்குச் சொல்றேன். கொஞ்சம் வெந்நீர் குடுங்க."

வெந்நீரைச் சூடு பதமாக ஆற்றிக்கொண்டு வந்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார். தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்தபடி நின்றார்.

மறுநாள் காலை வாசல் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவளோடு வேலை பார்த்த பேராசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். தையல்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"சார், கோட்டுல இருக்கிற புள்ளிகளை எண்களோட ஜோடி சேர்த்தா ஏன் மிச்சம் விழுது?"

பேராசிரியர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "அழகான விஷயம் அது" என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, முழங்காலில் வைத்து, கோடு ஒன்றைக் கிழித்தார். "இதுல எல்லாப் புள்ளியையும் வரிசையா எழுதிட்டோம்னு வைங்க..."

தையல்காரர் தாளின்மேல் கையை வைத்தார்.

"வேண்டாம் சார். அவ சொல்றேன்னிருக்கா."

பேராசிரியர் பேனாவை மூடினார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

தையல்காரர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாக உட்கார இடம் இருந்தது.