பஞ்சுத் தூசி என்று சொன்ன இருமல்

தம்பிக்கு இருமல் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மெத்தைக் கடை அண்ணன் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "பஞ்சுத் தூசிங்க. எங்க தொழில்ல இது இல்லாம இருக்குமா?"

தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பதும், ஆறு வருடமாக அவன் மாத்திரை சாப்பிடுவதும் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இருமலுக்கு, யாருக்கும் அவர்களைத் தெரியாத வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார் அண்ணன். "அந்த விஷயத்தை மட்டும் அங்க வாயைத் திறக்காத. குடும்ப மானம்" என்று வழியெல்லாம் ஓதினார். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று சீட்டு வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார்.

பத்தே நாளில் தம்பி பாதியாக இளைத்துவிட்டான். தலையணைக்கு உறை மாட்டக்கூடத் தெம்பில்லை. மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மாவின் அறை.

"சளி சுத்தமா இருக்கே," என்றார் டாக்டரம்மா. "வேற ஏதாவது நோய், மாத்திரை உண்டா?"

பின்னால் பெஞ்சில், முகக்கவசத்துடன் அவர்கள் தெருத் திரைச்சீலைக் கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"இல்லைங்க."

அண்ணன் மேசையருகே நகர்ந்தார். தன் சொல்லைக் காப்பாற்ற இவன் உயிரையே விட்டுவிடுவான் போலிருந்தது.

"பொய் சொல்றான்மா. நான்தான் சொல்லச் சொன்னேன். இவனுக்கு எச்.ஐ.வி. இருக்கு."

"முதல்லயே சொல்லக் கூடாதாய்யா? எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்குக் காசநோய் இருந்தாலும் சளியில பல சமயம் பிடிபடாது. சிறுநீர்ல பாத்துடலாம், அரை மணி நேரம் போதும்."

அண்ணன் பெஞ்சுக்கு வந்தார். தலை நிமிரவில்லை.

"என்னண்ணே, நான் மட்டும் இங்க காத்து வாங்கவா வந்திருக்கேன்?" என்றார் திரைச்சீலைக் கடைக்காரர். "நாலு மாசமா காசநோய் மாத்திரை ஓடுது. வீட்டுல அல்சர்னு சொல்லியிருக்கேன். நீங்க எதையும் கேக்கல, நானும் கேக்கல."

அரை மணியில் டாக்டரம்மா கூப்பிட்டார். "காசநோய்தான். நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது. குணப்படுத்திடலாம். இந்த மருந்து கூடச் சேர்றதால, பழைய எச்.ஐ.வி. மாத்திரையோட அளவை மட்டும் மாத்தணும்."

நோய் என்று கேட்டு நிம்மதியடைந்தவர் அந்த அறையில் அன்று அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார். கண்ணைத் துடைக்கத் துண்டு தேடினார். கிடைக்காமல் தம்பியின் சட்டை நுனியிலேயே துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் விட்டது. அடுத்த தடவை போனபோது, யாரும் கேட்குமுன் தம்பி தன் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் மேசைமேல் விரித்து வைத்தான். அண்ணன் தடுக்கவில்லை. தம்பி எடைக் கருவியில் ஏறியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.