கரடி நடை

எங்க அண்ணிகிட்ட எனக்குப் பிடிக்காத விஷயம் ஒண்ணு ரெண்டு இல்ல. ஆனா இந்தச் சண்டை எனக்காகப் போட்டது இல்ல. பம்பரத்துக்காகப் போட்டது.

பம்பரம்னா என் அண்ணன் பொண்ணு. மூணாங்கிளாஸ். உட்காருன்னா நாற்காலியில முட்டி போடும், முட்டி போடாதேன்னா தலைகீழாத் தொங்கும், தொங்காதேன்னா மேஜைக்கு அடியில இருந்து குரல் வரும். அந்தப் பேரை வச்சதே நான்தான். அண்ணிக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். அதுக்காகவே கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுவேன்.

அண்ணி அதே பள்ளிக்கூடத்துல டீச்சர். அதுவும் அதே மூணாங்கிளாஸுக்கு. உள்ள போயிட்டா பிள்ளை 'அம்மா'ன்னு கூப்பிடக் கூடாது, 'மிஸ்'னுதான் கூப்பிடணும். "என் பொண்ணுன்னு சலுகை காட்டுறேன்னு எவளும் வாயைத் திறக்கக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதனால மத்த பிள்ளைங்களுக்கு ஒரு திட்டுன்னா இதுக்கு ரெண்டு.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கிட்டே, தையல் மிஷின் ஓட்டுற மாதிரி வலது காலை ஆட்டிக்கிட்டே சொன்னாங்க: "அடுத்த வருஷம் இவளை ஹாஸ்டல்ல சேர்க்கப் போறேன். அங்க போனா பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உட்காருவா."

அவங்க ஆட்டுற ஆட்டத்துல டம்ளர்ல இருந்த தண்ணி தளும்புது. "முதல்ல உங்க காலைக் கொண்டுபோய்ச் சேருங்க அண்ணி"ன்னேன். மேஜைக்கு அடியில இருந்து பம்பரம் கெக்கேன்னு சிரிச்சுது.

"நீ உன் வேலையைப் பாரு"ன்னாங்க. அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான். வீட்டுல சண்டைன்னா அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதுதான்.

என் வேலையே இதுதானே! குழந்தைங்க ஆஸ்பத்திரியில, ஒரு இடத்துல நிக்காத, சொல்றதைக் காதுல வாங்காத பிள்ளைங்களுக்குப் பயிற்சி சொல்லித் தர்றவ நான். பாய் விரிச்ச அறை, பெரிய ரப்பர் பந்து, ஒரு ஊஞ்சல். பிள்ளைங்க சுவரைப் பலமாத் தள்ளணும். வலது கையால இடது முழங்காலைத் தொடணும், அப்புறம் மாத்தித் தொடணும். கையையும் காலையும் தரையில ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கிட்டு, கரடி மாதிரி நடக்கணும். உடம்பு வேண்டிய மட்டும் அசைஞ்சுட்டா புத்தி தானாப் பாடத்துக்கு வரும். எல்லாப் பிள்ளைக்கும் வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வந்ததை நிறையவே பார்த்திருக்கேன்.

அண்ணி இதுக்கு வச்சிருக்கிற பேரு சர்க்கஸ்.

ரெண்டு பேரும் கத்தின கத்துல, கடைசியில அண்ணனே வாயைத் திறந்தான். "முழுப் பரீட்சை வரைக்கும் இவ சொல்ற பயிற்சியைச் செய்யட்டும். அப்புறம் வீட்டுல ஒரு டிக்டேஷன் வை. ஒழுங்கா உட்கார்ந்தா ஹாஸ்டல் பேச்சே கிடையாது. இல்லைன்னா உன் இஷ்டம்."

"அசையாம உட்காரணும்"னாங்க அண்ணி. பம்பரம் கதவுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

பாடத்துக்கு முன்னாடி செய்யணும், விளையாட்டாச் செய்யணும்னு அண்ணிகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "சரி, வகுப்புலயும் செய்ய வைக்கறேன்"னாங்க. அடேங்கப்பா, திருந்திட்டாங்களேன்னு மனசு குளுந்து போச்சு.

முதல்ல நல்லாத்தான் போச்சு. வராந்தா முழுக்கக் கரடி நடை, உறுமல் வேற. அது முடிஞ்சதும் வீட்டுப்பாடம். ஒருநாள் ஒரு பக்கம் முழுசா எழுதிட்டு நோட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துச்சு. அன்னிக்கு அண்ணி முகத்தைப் பார்க்கணுமே! உப்பில்லாம சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம், "வா பம்பரம், கரடி நடை"ன்னேன். பிள்ளை சுவரோட ஒட்டிக்கிட்டு ரெண்டு கையையும் பின்னால ஒளிச்சுக்கிச்சு.

"நான் ஒண்ணும் பண்ணலையே அத்தை!"

"பண்ணினேன்னு யாருடி சொன்னா?"

"அப்புறம் ஏன் கரடி நடக்கச் சொல்றீங்க?"

மடியில உட்கார வச்சுக் கேட்டதுல கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துச்சு. வகுப்புல இது அசைஞ்சா போதும், மிஸ் முன்னால கூப்பிடுவாங்களாம். பெஞ்சைச் சுத்திக் கரடி நடக்கணுமாம். மத்த பிள்ளைங்க எல்லாம் உறுமுவாங்களாம். ஒருத்தன் வாழைப்பழத் தோலைத் தூக்கிப் போட்டு, "கரடி, இதைத் தின்னு"ன்னானாம்.

எனக்கு உச்சிக்கு ஏறிடுச்சு. நேரா சமையலறைக்குள்ள போனேன்.

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா அண்ணி?"

அவங்க வெங்காயம் நறுக்கறதை நிறுத்தலை. "நீதானே செய்யச் சொன்ன?"

"தண்டனையாச் செய்யச் சொன்னேனா? எல்லார் முன்னாடியும் பிள்ளையை நாலு கால்ல நடக்க விட்டிருக்கீங்க!"

"இப்ப அவ வகுப்புல அசையறதே இல்ல. பலன் கிடைச்சுதா இல்லையா?"

"பயந்து செத்துக்கிட்டு இருக்கு. அதுக்குப் பேரு பலனா?"

கத்தியை டக்குன்னு வச்சாங்க. "உனக்கென்ன, பேசிட்டுப் போயிடுவ. பெத்தவங்க கூட்டம் நடக்குறப்ப வந்து உட்கார்ந்து பாரு. உங்க பொண்ணையே அடக்க முடியலையே, எங்க பிள்ளைங்களை எப்படி மேய்ப்பீங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்கறாளுங்க. பெத்துப் பார்த்தாத்தான் இதெல்லாம் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையை எங்க குத்தணும்னு தெரிஞ்சுதான் குத்தினாங்க. "பெத்துட்டா மட்டும் அம்மா ஆயிட முடியாது"ன்னு நானும் திருப்பிக் கொடுத்துட்டு வெளிய வந்தேன். அதுக்கப்புறம் நாங்க பேசிக்கலை. உப்பு வேணும்னாக்கூட அண்ணன் மூலமாத்தான்.

டிக்டேஷன் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அதுக்கு முன்னாடி சுவரையாவது கொஞ்சம் தள்ளட்டும்னு அண்ணன்கிட்டக் கெஞ்சினேன். பிள்ளையே வேண்டாம்னுடுச்சு.

"அசையாம உட்காரணும், புரிஞ்சுதா?"

"சரி மிஸ்."

வீட்டுக்குள்ள, பெத்த தாயைப் பார்த்து. அண்ணன் ஃபோன்ல இருந்து நிமிர்ந்து பார்த்துட்டு மறுபடியும் குனிஞ்சுக்கிட்டான். அண்ணி புத்தகத்தை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, அறையைச் சுத்தி நடந்துக்கிட்டே வாசிச்சாங்க. மழை. குடை. ஜன்னல். கதவோரமா நின்ன எனக்குப் பிள்ளையோட முதுகுதான் தெரிஞ்சுது. விறைச்சுக்கிட்டு இருந்த அந்த முதுகு ஒரு தடவைகூட ஆடலை. மூச்சு விடுதான்னுகூடச் சந்தேகம் வந்துச்சு.

"பார்த்தியா?"ன்னாங்க அண்ணி என்னைப் பார்த்து. அத்தனை நாளைக்கு அப்புறம் பேசின முதல் வார்த்தை. "பிடிச்சு வச்ச பிள்ளையார்!"

வயித்தெரிச்சல்தான். ஆனாலும் போகட்டும், அவங்களே ஜெயிச்சதா இருக்கட்டும், பிள்ளை வீட்டுல இருந்தாப் போதும்னு தோணுச்சு.

அண்ணி தாளை எடுத்தாங்க. திருப்பினாங்க. மறுபடியும் திருப்பினாங்க.

"எழுதினது எங்கடி?"

தாள்ல ஒரு கோடுகூட இல்ல. பென்சில் மட்டும் அதோட கையில இறுகிப் போய் இருந்துச்சு.

"எழுதினா கை அசையுமே"ன்னுச்சு பம்பரம். எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு. "நான் அசையவே இல்ல. பார்த்தீங்கள்ல? ஹாஸ்டல் வேண்டாம்தானே?"

அண்ணியை நார் நாராக் கிழிக்கணும்னு நான் சேர்த்து வச்சிருந்த பேச்சு எவ்வளவோ இருந்துச்சு. அதை எல்லாம் விட்டுட்டு, கிட்டப் போய்ப் பிள்ளையோட விரலைப் பிரிச்சுப் பென்சிலை எடுத்தேன். அவங்க ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாங்க. கையில அந்த வெறும் தாள். மேஜைக்கு அடியில வலது கால் ஆட ஆரம்பிச்சுது.

பம்பரம் குனிஞ்சு அந்தக் காலைப் பார்த்துச்சு. திரும்பி அப்பாவைப் பார்த்துச்சு. அப்புறம் அம்மாவோட முழங்கால் மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிச்சு.

"ஆட்டாதம்மா"ன்னு காதோரமாச் சொல்லிச்சு. "உன்னையும் அனுப்பிடுவாங்க."

அண்ணி காலை நிறுத்தப் பார்த்தாங்க. அது நிக்கலை.