உள்ளதெல்லாம் நலம்

பதினொன்று. பெரின் மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் பதினொன்றுதான்.

"முதலாளி, சாம்பல் தாள் பன்னெண்டு இருக்கணுமே?"

அச்சுக்கூட முதலாளியான தூவால், மைக்கையைத் துடைத்தபடி திரும்பினார். "ஏன், எத்தனை இருக்கு?"

"ஒண்ணு குறையுது. கர்லியே சாமியோட பிரசங்கப் புத்தகத்துக்குள்ள நான்தானே ஒவ்வொண்ணா செருகி வச்சேன். எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன்."

ரூவான் நகரத்து அச்சுக்கூடங்களில் இதற்குக் கல்யாணம் என்று பெயர். தடை செய்த நூலின் சாம்பல் தாளைப் பக்தி நூலின் வெள்ளைத் தாளுக்குள் வைத்து மடித்துவிட்டால், சோதனை போட வரும் அதிகாரி மேலே தெரியும் ஜெபத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் பிரித்தெடுப்பது விவாகரத்து. நம் ஊரில் திருச்சபை தடுக்க முடியாத விவாகரத்து இது ஒன்றுதான் என்று மடிப்பு வேலைப் பெண்கள் சிரிப்பார்கள்.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

"வெளியில எந்தப் புத்தகம் போச்சு?" என்றார் தூவால்.

"ஒண்ணே ஒண்ணு. நீல அட்டை போட்டு, பட்டு நாடா வச்சு, நேத்து நீங்கதான் அவசரப்படுத்தித் தைக்கச் சொல்லி அனுப்புனீங்க."

"கர்லியே சாமிக்கா?"

"அவருக்கேதான். இன்னைக்கு மதியம் நீதிபதி வீட்டம்மா முன்னால வாசிக்கப் போறாராம்."

தூவால் கோட்டை எடுத்து மாட்டினார். "எங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேனே, தியெப் துறைமுகம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"உங்களுக்கு அக்கா இருக்கறதே இப்பத்தான் எனக்குத் தெரியும்!"

"உன் தையல், பெரின். உன் கைவேலை எல்லாருக்கும் தெரியும். ஏதாவது செய்."

போய்விட்டார். போன வருஷம் இதே தெருவில் மடிப்பு வேலை செய்த ழாக்கெத்தைச் சந்தைச் சதுக்கத்தில் நிறுத்தித் தோளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வைத்தார்கள். அவளிடம் கிடைத்ததும் ஒரே ஒரு தாள்தான். பெரின் தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஊசி, நூல், சின்னக் கத்தி மூன்றையும் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"தையல்ல ஒரு பிசகு. சாமி வாசிக்கறதுக்கு முன்னால சரி பண்ணிடறேன்" என்று நீதிபதி வீட்டு வேலைக்காரனிடம் கெஞ்சினாள்.

"சாப்பாடு நடக்குது. கதவோரமா நில்லு. மூச்சு விடக்கூடாது."

தவக்காலம். மேசையில் இறைச்சி இல்லை, கடல்வாத்து இருந்தது. அது கடலிலேயே கிடப்பதால் மீன் வகைதான் என்று நார்மாந்தியில் பாதிரியார்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். கர்லியே பாதிரியார் அந்த மீனின் இரண்டாவது தொடையை முடித்து, விரல்களைத் துடைத்து, நீல அட்டைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பெரின் ஓரடி முன்னால் வைத்தாள். வேலைக்காரன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"லிஸ்பன் நகரம் பூகம்பத்துல தரைமட்டமாகி நாலு மாசம் ஆகுது" என்றாள் நீதிபதியின் மனைவி மதாம் தெர்வில். "எனக்கு இன்னமும் தூக்கம் வரல, சாமி. அத்தனை பேர்! அதுவும் பூசை நேரத்துல!"

"அதுக்காகத்தாம்மா எழுதினேன். 'உள்ளதெல்லாம் நலம்.' பெரிய சித்திரத்துல நிழலும் வேணும் இல்லையா? கிட்ட நின்னு பாத்தாக் கறுப்பு, தள்ளி நின்னு பாத்தா அழகு."

"ரொம்பத் தள்ளி நிக்கணுமோ?" என்றாள் அம்மாள், பாதி விளையாட்டாக.

"ரூவான் அளவுக்குத் தள்ளி நின்னாப் போதும்" என்றார் பாதிரியார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாசிப்பு ஆரம்பித்தது. புத்தகத்தின் மடிப்புகள், அந்தக் காலத்துப் புதுப் புத்தகங்களைப் போல, இன்னும் அறுபடாமல் இருந்தன. எட்டுப் பக்கம் முடிந்ததும் அவர் தந்தக் கத்தியால் அடுத்த மடிப்பை அறுப்பார், விரல் வைத்துப் பிரிப்பார், வாசிப்பார். பெரினுக்கு எழுத்து தெரியாது, தாள் தெரியும். வெள்ளைத் தாள். மறுபடி கத்தி. வெள்ளைத் தாள். பக்கத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை கத்தி இறங்கியபோது சாம்பல் நிறம் தெரிந்தது.

"இடிபாட்டுக்கு வெளியே சலவைக்காரியின் கை ஒன்று மட்டும் அசைந்துகொண்டிருந்தது" என்று பாதிரியார் அதே உருகலோடு வாசித்தார். "அதைப் பார்த்த குருவானவர் மண்வெட்டி கேட்கவில்லை. ஏறி நின்று பேச மேடை கேட்டா..."

நின்றுவிட்டார்.

அவர் கண்கள் பக்கத்தின் அடிவரை ஓடின, திரும்பி மேலே வந்தன. காது மடல்கள் சிவந்தன.

"மேடை கேட்டாரா?" என்றாள் மதாம் தெர்வில். "எதுக்கு?"

"செபிக்க." பாதிரியார் இருமினார். "ஏனென்றால்... அந்தக் கை அசைந்தது வலியால் அல்ல. விண்ணகத்துக்கு அது விடை சொல்லிக்கொண்டிருந்தது." கண் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக இரண்டு பக்க அளவுக்கு அவரே கட்டிச் சொன்னார். கைக்குட்டைகள் மறுபடி வெளியே வந்தன.

"என்ன ஒரு எழுத்து! புத்தகத்தை இங்கேயே விட்டுட்டுப் போங்க சாமி, ராத்திரி நானே வாசிக்கறேன்."

"தராம எங்கம்மா போறேன்? தையல் மட்டும் கொஞ்சம் விட்டிருக்கு." அவர் பார்வை கதவருகே, ஊசியைக் கையில் எடுத்து நின்ற பெரின் மேல் விழுந்தது. "நீதானே தச்சவ? வா இப்படி."

பக்கத்துச் சிற்றறைக்குள் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஜன்னலுக்குக் கீழே நீதிபதியின் காவலர்கள் இருவர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"எடு."

பெரின் நூலை அறுத்தாள். சாம்பல் தாள் கையோடு வந்தது. அவர் அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார்.

"யார் எழுதினது?"

"தெரியாது சாமி."

"யார் அச்சடிச்சது?"

"நான் மடிக்கறவ. மடிக்கச் சொன்னா மடிப்பேன்."

"உன் தோள்ல சூடு விழுந்தா ஞாபகம் வந்துடும். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தாப் போதும், தெரியுமில்ல?"

பெரின் ஊசியில் நூலைக் கோத்தாள். "கூப்பிடுங்க சாமி. உங்க பேர் போட்ட புத்தகத்துக்குள்ள எப்படி வந்துதுன்னு கேப்பாங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னால இந்த அம்மா கேப்பாங்க, அரைமணியா யார் எழுத்துக்காக அழுதோம்னு."

பெரின் வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் ஜன்னல் தாழ் சத்தம் கேட்குமென்று காத்திருந்தாள். கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பாதிரியார் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றார், வெளிச்சத்துக்காக. தாளைத் திருப்பி மறுபக்கம் வாசித்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. ஓரிடத்தில் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு தப்பித்து வந்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

தாள் முடிந்துவிட்டது. வாக்கியம் முடியவில்லை போலும். மறுபடி திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்பதுபோல.

"இதுக்கு அப்புறம்?"

"சாமி?"

"அந்தச் சலவைக்காரி." குரலைத் தாழ்த்தினார். "பிழைச்சாளா, இல்லையா?"

பெரின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இப்போதுதான் மூச்சு முழுசாக உள்ளே போனது.

"எனக்குப் படிக்கத் தெரியாதே சாமி. அடுத்த தாள் செவ்வாய்க்கிழமை மடிக்க வரும். நான் ஜெயிலுக்கு வெளியில இருந்தேன்னா கொண்டு வந்து தரேன்."

பாதிரியார் சாம்பல் தாளை நாலாக மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். நீல அட்டைப் புத்தகத்தை வாங்கித் தையலை இழுத்துப் பார்த்தார். பிறகு கூடத்துக் கதவை விட்டுவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் இறங்கும் படிக்கதவின் தாழை அவரே நீக்கினார்.

"இந்த வழியா போ. காவக்காரனுங்க அந்தப் பக்கம் நிக்கறானுங்க."

அவள் இரண்டு படி இறங்கியிருப்பாள்.

"செவ்வாய்க்கிழமைன்னா காலையிலயா, மதியமா?" என்று மேலிருந்து கேட்டார்.